நர்ஸம்மா அழித்த வரி

நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளில் வந்த அந்த ஆங்கில வாக்கியத்தை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும். இந்த டிஸ்க்கில் எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லாத சில தகவல்கள் கிடக்கின்றன. அவை தொலைந்துபோன ஃபைல்களாக இருக்கலாம், ஆனால் அநேகமாகச் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவைதான். எடுத்து வைக்கட்டுமா, அழித்துவிடட்டுமா? கீழே இரண்டு சின்னக் கட்டங்கள். நான் யாரையும் கேட்கவில்லை. எடுத்து வை என்ற கட்டத்தில் நிறுத்தி என்டரைத் தட்டினேன். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி வாக்கில், அடுக்களையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. காரைக்குடியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் பக்கத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழுது வந்தால் மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும். வருகிறேன் என்று சொன்ன ஆள் வந்து சேர்வதற்குள் ஒரு திருவிழா முடிந்துவிடும். அதனால் சென்டரில் இருந்த எட்டு மெஷின்களையும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே சரிசெய்யப் பழகியிருந்தேன். ஒரு பெண்பிள்ளை ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் கீழே துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் மாடியேறி வந்து வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. பின்னால் நடந்ததில் அந்தப் பெருமைக்குப் பங்கு உண்டு என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நர்ஸம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அரசாங்கத்தில் கிராம நர்சாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவகங்கைப் பக்கத்து கத்தோலிக்க விவசாயக் குடும்பம். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே கணவர் லாரி விபத்தில் இறந்துவிட்டாராம். ஒரே மகள். நல்ல உயரம், நல்ல கறுப்பு, ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சேலைதான். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறந்த நேரம் குறித்துக் குறித்து வந்த பழக்கம் அது என்று அவர் மகள் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த காலம் முழுவதும் அவர் சொந்தமாக நோட்டு எழுதி வைத்திருந்தார். தேதி, மணி, தாயின் பெயர், வயது, ஊர், ஆணா பெண்ணா, எடை, பிள்ளை அழ எவ்வளவு நேரம் எடுத்தது என்பது வரை அதில் இருக்கும். அந்த ஊர்களில் பிறப்பை முறையாகப் பதிவு செய்தவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார், அதுதான் பிறந்த நாள். பிறகு சிங்கப்பூருக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கும்போதோ, ஜாதகம் கணிக்கும்போதோதான் நர்ஸம்மாவைத் தேடி வருவார்கள். அவர் நோட்டைப் புரட்டி, வெள்ளைத்தாளில் விவரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அலுவலகங்களில்கூட அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

ஓய்வு பெற்ற வருஷம் டிரங்குப் பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. சில நோட்டுகளின் ஓரங்கள் மண்ணாகிவிட்டன. அதே சமயத்தில் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு எங்கள் சென்டரில் சேர்ந்திருந்தாள். அவளுக்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நர்ஸம்மா அதில் தன் நோட்டுகளை ஏற்ற ஆரம்பித்தார். தட்டச்சு, ஃபைல் சேமிப்பது, வேண்டாத வரியை அழிப்பது எல்லாம் மகள்தான் கற்றுக்கொடுத்தாள். இரண்டு விரலால் தட்டி, நோட்டில் இருந்தபடியே ஆங்கிலத்தில், ஒரு வருஷத்துக்கு ஒரு ஃபைல் என்று ஒன்றரை வருஷம் உட்கார்ந்து முடித்தார். முடித்ததும் நோட்டுகளைக் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார். கரையான் வீட்டு உத்தரத்துக்குப் போய்விடும் என்று காரணம் சொன்னாராம். பிளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதை வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

பள்ளத்தூரில் அப்போது மின்சாரம் போவதும் வருவதும் சகஜம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து, ஒரு நாள் சில ஃபைல்கள் திறக்க மறுத்தன. பெட்டிக்குள்ளிருந்து பல்லைக் கடிப்பது போலச் சத்தம் வருகிறது என்று மகள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து சொன்னாள். முகம் வாடியிருந்தது. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். அவளுக்குத் தேவகோட்டைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் கோயிலில் முதல் ஓலை, அதாவது பெண் மாப்பிள்ளை பெயரையும் பெற்றோர் பெயரையும் பூசையில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் வீட்டில் ஏன் இந்தக் கவலை என்று அவள் வருத்தப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

நான் போனபோது அவர்கள் காலைப் பூசை முடிந்து வந்திருந்தார்கள். அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்தது இரண்டு அறை. முன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும், அவற்றின் மேல் பூப்போட்ட துணி, மேலே சுவரில் மாதா படம், கணவரின் போட்டோ. நான் பையிலிருந்து பிளாப்பிகளை எடுத்து வைத்தபோது நர்ஸம்மா நாற்காலியின் பின்னால் வந்து நின்றார்.

“எல்லாம் வந்துருமா தாயி?” என்று கேட்டார்.

“ஒரு எழுத்து விடாம எடுத்துக் குடுத்துட்டுத்தான் போவேன், நர்ஸம்மா.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எல்லாமே வேணும்னு இல்ல. வாரது வரட்டும்” என்றார். ஏதோ அடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தெளிவாக அவரால் என்னிடம் சொல்லியிருக்க முடியாது. மகளும் பக்கத்தில்தான் நின்றாள்.

டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் ஸ்கேன் டிஸ்க் புரோகிராமை ஓட்டினேன். ஃபைல்களின் அட்டவணையில் குழப்பம் இருந்தது, அதைச் சரிசெய்தது. அதற்கடுத்து அந்த நீலத் திரைக் கேள்வி வந்தது. நான் ஆரம்பத்தில் சொன்னபடி பதில் கொடுத்தேன். பிறகு டிஸ்க்கின் மேற்பரப்பை முழுக்கச் சோதிக்கச் சொன்னேன். திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே வரும், பழுதான இடத்தில் ஓர் எழுத்து விழும். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நர்ஸம்மா சாப்பிடச் சொன்னார்.

சாப்பாட்டின்போது அவர் பழைய பிரசவங்களைப் பற்றிப் பேசினார். முன்கட்டில் கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்ததால் வலி முற்றியும் ஒரு சத்தம் போடாமல் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு பிள்ளை பெற்ற ஒரு மருமகளைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்தது. மகள் இடையில் புகுந்து, ஊரார் பிள்ளை எல்லாம் அம்மாவின் நோட்டில் இருக்கிறது, நான் மட்டும்தான் இல்லை மிஸ் என்று விளையாட்டாகக் குறைப்பட்டாள். தனக்குத்தானே பிரசவம் பார்க்க முடியுமா, இவள் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

மூன்று மணிக்குச் சோதனை முடிந்தது. முடிவு நல்லதாக இல்லை. பழுதான இடங்கள் நிறைய இருந்தன. இரண்டு வருஷத்து ஃபைல்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. எவ்வளவு முயன்றும் அவை திறக்கவில்லை. மற்றவையெல்லாம் திறந்தன. ஒரு எழுத்து விடாமல் எடுப்பேன் என்று சொன்ன எனக்கு அது அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான், சொந்தமில்லாத தகவல்கள் என்று மெஷின் சொன்னவற்றை எடுத்து வைத்தோமே, அவற்றில் அந்த வருஷங்கள் இருக்குமா என்று தேடத் தொடங்கினேன். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒன்பது ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரும்பாலும் கட்டம் கட்டமாக, படிக்க முடியாத குப்பை. ஒன்றில் மட்டும் எழுத்துகள் தெளிவாக வந்தன. அது நான் தேடிய வருஷம் இல்லை. நன்றாகத் திறந்த ஒரு வருஷத்தின் முந்தைய பிரதி. நர்ஸம்மா தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது என்றோ மின்சாரம் போய், மெஷின் தன் வசதிக்கு எடுத்து வைத்திருந்த நகல் அப்படியே தங்கிப்போயிருக்கிறது.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஏதாவது ஒன்றைச் சாதித்துக் காட்டவேண்டியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம், ஒருவேளை இதில் விட்டுப்போன பெயர்கள் கிடைக்கலாம் என்றேன். இருக்கிற ஃபைலைப் பிரிண்டரில் எடுத்து நான் கையில் வைத்துக்கொண்டேன். மகள் திரையைப் பார்த்து வரிவரியாக வாசிக்க, நான் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தேன். நர்ஸம்மா கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வேகமாக வாசித்துக்கொண்டே போனாள். பாதியில் அவள் வாசித்த ஒரு வரி என் தாளில் இல்லை.

“பாத்தீங்களா, இது லிஸ்ட்ல இல்ல. ஒன்னு கூடவே கெடச்சிருக்கு. திரும்ப வாசிங்க” என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே இப்போது கேட்கிறது.

அவள் மறுபடி வாசித்தாள். தேதி வந்ததும் சிரித்தாள். என் பிறந்த நாள் மிஸ், அதே வருஷம் என்றாள். பெண் குழந்தை. எடை குறைவு. தாய் என்ற இடத்தில் ஒரு பெயர், வயது பத்தொன்பது, கல்யாணம் ஆகாதவள், ஊர் வலையபட்டி. அதற்கடுத்த குறிப்பை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். தாய் வீட்டார் ஏற்கவில்லை, குழந்தை என்னிடம் என்று இருந்தது.

நர்ஸம்மா துணிக்குவியலோடு உள்ளே வந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று அவர் படித்திருக்க முடியாது, அவ்வளவு தூரம். ஆனால் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டார்.

“அத நான் அழிச்சிட்டேனே” என்றார். மகளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

“யாரும்மா இது?” என்று மகள் கேட்டாள்.

அவர் துணிகளைக் கட்டிலில் போட்டு மடிக்க ஆரம்பித்தார். ஒரு பாவாடை, ஒரு துண்டு, ஒரு தலையணை உறை. மூன்றாவதை மடித்து வைத்த பிறகுதான், “நீதான் பாப்பா” என்றார்.

அங்கிருந்து எழுந்து போய்விடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில் அவர்கள் இருவரும் நின்றார்கள். மகள் அழவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. பிறகு, என்னைப் பார்க்காமலே, “பிரிண்ட் போடுங்க மிஸ்” என்றாள்.

“வேணாம் தாயி” என்றார் நர்ஸம்மா.

இருவரும் என் கையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நியாயம், என்னால் வந்த வினையை நானே இல்லாமல் செய்துவிடுவது என்பதுதான். இது வெறும் குப்பை ஃபைல் என்றோ ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, அந்த ஃபைலை அழித்தேன். திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கும் வழியும் எனக்குத் தெரியும், அப்படியே அழித்தேன். இதற்கும் யாரையும் கேட்கவில்லை.

“அது என்னோடது மிஸ்” என்றாள் அவள். சத்தம் போடவில்லை. ஒரு பொருளை யாரோ தவறுதலாக எடுத்துப் போகும்போது சொல்வது போலச் சொன்னாள்.

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வீட்டில் வேலை முடிந்ததா என்று கேட்டார்கள், முடிந்தது என்றேன். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. நடந்தவை வேறு மாணவிகள் வழியாகத் துண்டு துண்டாக என் காதுக்கு வந்தன. ஓலை வாசிப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். தாயின் பெயரையும் சேர்த்து வாசிக்கும் இடத்தில் பொய்யைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்றாளாம். நர்ஸம்மாவே தேவகோட்டைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மரியாதையாகவே காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று ஆள் மூலமாகச் சொல்லி விட்டார்கள். அவள் திருச்சியில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நான்கு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளத்தூர் பஸ் எங்கள் சென்டருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் உள்ளே திரும்பி உட்கார்ந்துகொள்வேன். கடைசியில் ஒரு நாள் போனேன். நர்ஸம்மா மேஜையில் நீள நோட்டு ஒன்றை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். நான் மீட்க முடியாமல் போன அந்த இரண்டு வருஷத்துப் பிறப்புகளை ஞாபகத்திலிருந்து எழுதுகிறாராம். ஊர் ஊராகப் போய்த் தாய்மாரைக் கேட்டும் வருகிறாராம். பாதி சேர்ந்துவிட்டது, மீதி சேருமோ சேராதோ என்றார். கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது.

என்னை உட்காரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார். அந்த வலையபட்டிப் பெண்ணின் வீட்டார், பிள்ளையைக் கண்காணாமல் செய்துவிடுங்கள் என்று சொன்னார்களாம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. புரியாதது போலத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கணவர் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. உடனே மாறுதல் கேட்டுக் கைக்குழந்தையோடு பள்ளத்தூர் வந்ததால் இங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அது நிலைத்தது.

“முப்பது வருசத்துல ஒரு பொறப்பக்கூட நான் எழுதாம விட்டதில்ல தாயி. இது ஒன்ன மட்டும் விட மனசு வரல, எழுதிட்டேன். எழுதுனத வச்சிருக்கவும் தைரியம் இல்ல, அழிச்சேன்” என்றார்.

நோட்டுகளைக் கொளுத்தியதற்குக் கரையான் மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அத்தனையும் எரிந்திருக்கிறது. அந்த ஒரு பக்கம்தான் மெஷினுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்து என் கையில் வந்திருக்கிறது.

மகள் திருச்சிக்குக் கிளம்பிய அன்று நர்ஸம்மா வெள்ளைத்தாள் ஒன்று எடுத்து, மற்ற எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தது போலவே அவளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதி, மணி, எடை, பெற்ற தாயின் பெயர், ஊர். கீழே கையெழுத்து. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்த தாளைத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் இருந்துவிட்டேன் என்றார். அவள் அதை வாங்கி, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனாளாம். போய் வருகிறேன் என்று சொல்லவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நீ உன் வேலையப் பாத்தே” என்றார். அதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, அதுவும் பழசாகி, எல்லாரும் போனைக் கையில் வைத்திருக்கிறார்கள். அழிந்த படங்களை மீட்டுத் தரச் சொல்லி உறவுக்காரர்கள் போனை நீட்டுகிறார்கள். எதையும் தொடுவதற்கு முன், எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பேன். ரொம்ப நிதானம் என்று சிரிக்கிறார்கள். ஆனால் அன்று நான் கேட்டிருந்தால் யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. எழுதியவர் ஒருத்தர், பிறந்தவள் ஒருத்தி, பெற்றவள் வலையபட்டியில் யாருக்கும் தெரியாமல் இருந்த இன்னொருத்தி. அந்த ஒரு வரி மூன்று பேருக்குச் சொந்தமாக இருந்தது. எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லை என்று மெஷின் சொன்னதை நான் நம்பினேன்.

நர்ஸம்மா போன வருஷம் இறந்துபோனார். செய்தி கேட்டுப் பள்ளத்தூர் போனேன். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். வெவ்வேறு ஊர்க்காரர்கள், எல்லாச் சாதிக்காரர்களும் வந்திருந்தார்கள். மகள் தலைமாட்டில் நின்றாள். திருச்சியிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்திருந்தது. நான்கு வருஷம் வீட்டுப் பக்கமே வராமல் இருந்து, பிறகு வரப்போக இருந்தாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு அவளே என்னிடம் வந்தாள். மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். இருவரும் வேப்பமரத்தடியில் நின்றோம். அன்றைக்கு அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

“அந்த வரிய வெளிய கொண்டு வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. அழிச்சீகள்ல, அதுக்குத்தான் ரொம்ப நாள் கோவமா இருந்துச்சு” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிறுத்தவில்லை. திருச்சிக்குப் போன நான்காம் வருஷம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வலையபட்டிக்குப் போனாளாம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த அம்மாள் அதே ஊரிலேயே வாக்கப்பட்டு, பெரிய பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்ததாம். யாரு என்றாராம். குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். செம்பில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, பள்ளத்தூர் நர்ஸம்மா வீட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னாளாம். அந்த அம்மாள் செம்பைத் திரும்ப வாங்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

“அப்பறம் செம்ப வாங்கிக்கிட்டு, நர்ஸம்மா நல்லா இருக்காகளான்னு கேட்டாக” என்றாள். இன்னும் மூடி முடிக்காத குழியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “எங்க அம்மா நல்லா இருக்காகன்னு சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு இங்க வந்துட்டேன்.”